புகை போகும் பாதை: மேனிபோல்டா, ஹெடரா?

ஜீப் அல்லது லாரி ஒன்றின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினின் ஒரு பக்கத்தில், துருவேறிய செம்பழுப்பு நிறத்தில், தடித்த விரல்களை எஞ்சினை நோக்கி நீட்டியவாறு ஓர் இரும்புக் கூடு பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் சூடான புகை இந்தக் கூட்டில்தான் ஒன்றுசேர்கிறது. பிறகு ஒரே குழாய் வழியாகச் சைலன்சருக்குச் செல்கிறது. மெக்கானிக்குகள் இதனை எக்ஸாஸ்ட் மேனிபோல்டு என்பார்கள். நாம் சுருக்கமாக மேனிபோல்டு என்றே சொல்வோம்.

அமெரிக்காவில் பாலைவனத்திலும் மலைப்பாறைகளிலும் டிரக் ஓட்டுகிறவர்களிடையே இந்த இரும்புக் கூட்டைப் பற்றி நீண்ட காலமாக ஒரு வாதம் உண்டு. தொழிற்சாலை கொடுத்த மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எஃகுக் குழாய்கள் கொண்ட ஹெடர் என்ற அமைப்பைக் கடையில் வாங்கிப் பொருத்தலாமா என்பதே அந்த வாதம். பொருத்தினால் சக்தி கூடும் என்பார் ஒருவர். பாதி வழியில் வெடித்து உங்களை நடுக்காட்டில் நிறுத்திவிடும் என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு உண்மை என்று அறிய வேண்டுமானால், இந்த இரண்டு பொருள்களும் எப்படித் தோன்றி வளர்ந்தன என்பதையும், அவற்றினுள் நிகழும் இயற்பியலையும் நாம் பார்க்க வேண்டும்.

வார்ப்பிரும்பு வந்த கதை

1876-இல் ஜெர்மனியில் நிகோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு வீச்சுகளைப் பாடநூலில் நீங்கள் படித்திருப்பீர்கள். நான்காவது வீச்சில் பிஸ்டன் மேலெழுந்து புகையை வெளியே தள்ளுகிறது என்று அங்கே எழுதியிருக்கும். அது பாதிக் கதைதான். எரிதல் வீச்சு முடிவதற்குச் சற்று முன்னரே வெளியேற்று வால்வு திறந்துவிடுகிறது. அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில மடங்கு இருக்கும். ஆகவே புகையின் பெரும்பகுதி, பிஸ்டன் தள்ளுவதற்கு முன்பே, தன் சொந்த அழுத்தத்தால் பீறிட்டு வெளியேறுகிறது. எஞ்சியதைத்தான் பிஸ்டன் தள்ளுகிறது. இந்தத் தொடக்கப் பீறலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

ஒரே சிலிண்டர் இருந்தவரை புகைக்கு ஒரு குழாய் போதுமானதாக இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் வந்தபோது புகையைத் திரட்ட ஒரு கூடு தேவைப்பட்டது. 1908-இல் வெளிவந்து 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி வண்டிகளாக விற்ற போர்டு டி மாடல் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் நிமிடத்திற்கு 1600 சுற்றுகளில் ஏறத்தாழ 20 குதிரைத்திறன் தந்தது. இவ்வளவு மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்குப் புகை எந்த வடிவப் பாதையில் போகிறது என்பது பெரிய விஷயமே அல்ல. விலை மலிவாக இருக்க வேண்டும்; வெப்பத்தைத் தாங்க வேண்டும்; ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். மூன்றுக்கும் வார்ப்பிரும்பு பொருந்தியது. மணல் அச்சில் ஊற்றினால் எந்த வளைவும் ஒரே துண்டாக வந்துவிடும். பற்றவைப்பு வேண்டியதில்லை.

மேனிபோல்டுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. அக்காலப் பெட்ரோல் எளிதில் ஆவியாகவில்லை. குளிர்காலத்தில் கார்புரேட்டரிலிருந்து வரும் கலவையில் பெட்ரோல் துளிகளாகவே நின்றுவிடும். எனவே பொறியாளர்கள் உள்ளிழுக்கும் குழாயை வெளியேற்றும் மேனிபோல்டின் மேல் உட்காரவைத்தார்கள். அடுப்பின் மேல் பாத்திரம் போலத்தான். 1941-இல் அமெரிக்கப் படைக்காக உற்பத்தியாகத் தொடங்கிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இந்த அமைப்பைத் தெளிவாகக் காணலாம். அதில் இரண்டு மேனிபோல்டுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. இடையே ஒரு தகட்டுக் கதவு. இருவேறு உலோகங்களாலான சுருள்வில் ஒன்று, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சூடான புகையை மேல்நோக்கித் திருப்பிவிட்டு, சூடேறிய பின் கீழே அனுப்பியது. ஆக, பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தெரியும் இந்த வார்ப்பிரும்புக் கூடு, எஞ்சின் குளிரில் திணறாமல் ஓடுவதற்கும் துணையாக இருந்தது. ஹெடரை மாட்டியவர்கள் பலர், குளிர்ந்த காலையில் வண்டி தும்முவதைக் கண்டு வியந்ததற்கு இதுவே காரணம். அடுப்பை எடுத்துவிட்டால் பாத்திரம் எப்படிச் சுடும்?

வறண்ட ஏரிகளில் பிறந்த ஆசை

1932-இல் போர்டு நிறுவனம் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் வி வடிவ எஞ்சினை மலிவு விலைக் காரில் வைத்து விற்றது. சாமானிய இளைஞர் கைக்கும் எட்டு சிலிண்டர் எட்டியது. ஆனால் அந்த எஞ்சினில் ஒரு குறை இருந்தது. வால்வுகள் வி வடிவத்தின் உட்புறம் இருந்தன. புகையோ வெளிப்புறமாகப் போக வேண்டும். எனவே புகைப்பாதைகள் எஞ்சின் உடலுக்குள்ளேயே, குளிர்நீருக்கு நடுவே, வளைந்து சென்றன. பக்கத்திற்கு நான்கு சிலிண்டர்கள் இருந்தும், நடுவிலுள்ள இரண்டுக்கும் பொதுவாக ஒரே வாய்; ஆக மூன்று வாய்கள்தான். புகையின் வெப்பம் பெருமளவில் குளிர்நீரில் இறங்கியதால் எஞ்சின் எளிதில் கொதித்தது.

தெற்குக் கலிபோர்னியாவில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. தரை பல கிலோமீட்டருக்குத் தட்டையாக, கட்டாந்தரையாக இருக்கும். பழைய கார்களைப் பிரித்துச் சீரமைத்து அங்கே வேகம் பார்ப்பது அப்பகுதி இளைஞர்களின் பொழுதுபோக்கு. 1937-இல் அவர்கள் ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டனர். எஞ்சினுக்குள் இருக்கும் பாதையை மாற்ற முடியாது. வெளியே இருப்பதை மாற்றலாம் அல்லவா? வார்ப்பிரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வளைத்த எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துப் பொருத்தினார்கள். ஹெடர் இப்படித்தான் பட்டறைகளில் பிறந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் எக்ஸாஸ்ட் பட்டறை நடத்திய சாண்டி பெலாண்ட் என்பவர் இந்தத் தொழிலில் பெயர் பெற்றார். 1957-இல் புகழ்பெற்ற இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தில் சாம் ஹாங்ஸ் வென்ற காருக்குப் பெலாண்ட் எக்ஸாஸ்ட் ஸ்பெஷல் என்றே பெயர். அடுத்த ஆண்டும் அதே காரில் ஜிம்மி பிரையன் வென்றார். புகைக்குழாய் செய்பவர் பெயர் உலகறிந்த பந்தயத்தில் ஒலித்தது. இதன் பின்னர் ஹெடர் என்பது கடையில் பெட்டியில் கிடைக்கும் பண்டமாகிவிட்டது.

குழாய்க்குள் ஓடும் அலை

ஆனால் குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்தால் சக்தி ஏன் கூட வேண்டும்? ‘புகை தடையின்றிப் போகிறது’ என்பது முதல் விடை. அது சரிதான், முழு விடை அல்ல.

கல்லூரி ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை செய்திருப்பீர்கள். குழாயில் செல்லும் ஒலியலை மூடிய முனையில் நெருக்கமாகவே திரும்புகிறது. திறந்த முனையிலோ நெருக்கம் நெகிழ்வாக மாறித் திரும்புகிறது. புல்லாங்குழல் இசைப்பதும் இந்த விதியால்தான். இப்போது நாம் நினைவில் வைத்துக்கொண்ட தொடக்கப் பீறலுக்கு வருவோம். வால்வு திறந்ததும் பீறிடும் புகை, குழாயினுள் ஒரு வலிமையான நெருக்க அலையை அனுப்புகிறது. குழாய்கள் எல்லாம் கூடும் அகன்ற சந்திப்பை அது அடைந்ததும், திறந்த முனையைக் கண்டதுபோல் நெகிழ்வு அலையாக மாறி, வால்வை நோக்கித் திரும்புகிறது. வெளியேற்று வீச்சின் முடிவில் உள்வால்வும் வெளிவால்வும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும். அந்த வேளையில் நெகிழ்வு அலை வந்து சேர்ந்தால், மிச்சமுள்ள புகையை அது உறிஞ்சி வெளியே இழுக்கும். கூடவே புதிய கலவையையும் உள்ளே இழுக்கும். பிஸ்டன் செய்ய இயலாத வேலையை அலை செய்துவிடுகிறது.

இந்த உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1930களில் கடெனசி என்ற பொறியாளர், வெளியேற்று வாயைத் திடீரெனத் திறந்தால் புகை பாய்ந்து வெளியேறிப் பின்னால் ஒரு குறையழுத்தத்தை விட்டுச் செல்கிறது என்பதைப் பயன்படுத்திக் காப்புரிமைகள் பெற்றார். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.சட். மோட்டார் சைக்கிள் ஆலையில் வால்டர் காடன், இருவீச்சு எஞ்சினுக்கு வயிறு பெருத்த புகைக்குழாய் அமைத்து, அலைகளைத் தம் விருப்பப்படி ஆட்டிவைத்தார். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. அமெரிக்காவில் கிரைஸ்லர் பொறியாளர்கள் சிலர், ராம்சார்ஜர்ஸ் என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து, 1949-ஆம் ஆண்டுப் பிளிமத் கார் ஒன்றில் எக்காளம் போன்ற புகைக்குழாய்களை மாட்டி 1950களின் இறுதியில் சோதித்தார்கள். 1962-இல் பிலிப் ஸ்மித் எழுதிய உள்ளிழுப்பு, வெளியேற்றுக் குழாய்களின் அறிவியல் வடிவமைப்பு பற்றிய நூல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. பட்டறைக்காரர்களின் கைப்பழக்கம் கணக்காக மாறியது.

நாமும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். எஞ்சின் புகையின் வெப்பமோ 600 டிகிரி செல்சியசுக்கு மேல். வேகம் தனிவெப்பநிலையின் இருமடி மூலத்திற்கேற்ப உயர்வதால், அங்கே அது விநாடிக்குச் சுமார் 600 மீட்டர். ஹெடர்க் குழாயின் நீளம் 90 செ.மீ. என்று கொள்வோம். அலை போய்வரும் தொலைவு 1.8 மீட்டர், ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

இந்த நேரம் எஞ்சின் வேகத்தைப் பொறுத்து மாறுவதில்லை. ஆனால் அதே நேரத்தில் கிராங்க் தண்டு திரும்பும் கோணம் மாறுகிறது. நிமிடத்திற்கு 6000 சுற்றுகளில் அது 108 டிகிரி திரும்பிவிடும். பீறலின் உச்சம் வால்வு திறந்து சற்றுப் பிறகே வருகிறது. அலையும் ஒரு கணத்தில் முடியாமல் அகன்றே இருக்கிறது. இவற்றையும் சேர்த்துப் பார்த்தால், திரும்பி வரும் நெகிழ்வு வெளியேற்று வீச்சின் பிற்பகுதியில் உதவிக்கு வந்துவிடுகிறது. நிமிடத்திற்கு 1500 சுற்றுகளிலோ, அதே நேரத்தில் கிராங்க் திரும்புவது 27 டிகிரிதான். வால்வு சரியாகத் திறந்துகொள்வதற்குள் அலை வந்து போய்விடும். பிறகு முன்னும் பின்னுமாகப் பலமுறை மோதி, வலுவிழந்துவிடும். அந்த வேகத்தில் அதே உதவியைப் பெற வேண்டுமானால் குழாய் நான்கு மடங்கு, அதாவது 3.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். எந்த டிரக்கின் பானெட்டுக்கடியிலும் அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்திக்கொள்வோம். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு எந்த நன்மையும் இல்லை. மிக அகன்ற குழாயை மாட்டினால் குறைந்த சுற்றுகளில் இழுவை குறைவது உண்மை. காரணம், அகன்ற குழாயில் புகையின் வேகம் குறைகிறது. வேகமாக ஓடும் புகைத்தண்டு தன் உந்தத்தால் பின்னாலிருப்பதை இழுத்துச் செல்வதும் குறைகிறது. கவனித்தது சரி, சொன்ன காரணம்தான் பிழை.

எட்டு சிலிண்டரின் சிக்கல்

தனிக் குழாய்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. அமெரிக்க டிரக்குகளில் பெருவழக்கான செவ்ரலே வி-8 எஞ்சினில் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில், 90 டிகிரிக்கு ஒன்றாக எரிகின்றன. ஒற்றை எண்கள் இடப்பக்கம். இரட்டை எண்கள் வலப்பக்கம். இடப்பக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1-க்கும் 3-க்கும் இடையே 270 டிகிரி. 3-க்கும் 5-க்கும் 180. 5-க்கும் 7-க்கும் வெறும் 90. பிறகு மீண்டும் 1-க்கு 180. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் 5-ஆம், 7-ஆம் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடனே புகைவிடுகின்றன. குட்டையான வார்ப்பிரும்புக் கூட்டில், 5 தன் புகையைத் தள்ளி முடிப்பதற்குள் 7-இன் பீறல் அதன் வாயில் வந்து மோதும். இருவர் நுழைய முடியாத வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது போல. தனித்தனி நீண்ட குழாய்கள் இந்தச் சண்டையைத் தள்ளிவைக்கின்றன. இந்த எஞ்சின் வேகமாகச் சுழலும்போது ஹெடர் தரும் பலனில் இதற்கும் பங்குண்டு.

பாலைவனமும் பாறையும்

இப்போது சாலையை விட்டு இறங்குவோம். 1953-இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை வழியாக ஜீப்புகள் அணிவகுத்துச் சென்ற முதல் பயணம் நடந்தது. அது பாறைமேல் பாறையாக ஏறி இறங்கும் பாதை; வண்டி நடை வேகத்தில்தான் போகும். 1967-இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை 1300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாலைவனப் பந்தயம் தொடங்கியது. பின்னாளில் பாஹா 1000 என்று புகழ் பெற்றது இதுவே. முதல் ஆண்டில் 68 வண்டிகள் புறப்பட்டன. வந்து சேர்ந்தவை 31. வென்ற இலகுரக வண்டிக்கு 27 மணி 38 நிமிடம் ஆயிற்று. 1969-இல் ராட் ஹால், லாரி மைனர் இருவரும் நான்கு சக்கர இயக்கம் கொண்ட போர்டு பிராங்கோவில் முதலாவதாக வந்தனர். 1971-இல் பார்னெலி ஜோன்ஸ், பில் ஸ்டிராப் இருவரும் பெரிதும் மாற்றியமைத்த பிராங்கோவில் 14 மணி 59 நிமிடத்தில் முடித்தனர்.

ரூபிகானும் பாஹாவும் சாலையற்ற பாதைகளே. ஆனால் எஞ்சினுக்கு இவை இரண்டும் இருவேறு உலகங்கள். பாஹாவில் எஞ்சின் மணிக்கணக்கில் உயர்ந்த சுற்றுகளில் ஓடுகிறது. நாம் கண்ட அலை அங்கே நேரத்திற்கு வந்து உதவுகிறது. ரூபிகானில் எஞ்சின் நிமிடத்திற்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்றுகளில் முக்கி முனகி ஏறுகிறது. பழைய வில்லிஸ் ஜீப் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையை 2000 சுற்றுகளில் தந்தது. உச்சத் திறனையோ 4000-இல்தான் தந்தது. பாறை ஏறுபவருக்கு முதல் எண்தான் முக்கியம். அந்த எண்ணுக்கு ஹெடரின் அலை பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. ‘ஹெடர் போட்டேன், வண்டி பறக்கிறது’ என்பவரும், ‘போட்டேன், ஒன்றும் தெரியவில்லை’ என்பவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வெவ்வேறு சுற்றுகளில் வண்டி ஓட்டுகிறார்கள்.

வேறு கணக்குகளும் உண்டு. நீண்ட ஹெடர்களின் சந்திப்பு வண்டியின் சட்டத்திற்கருகே தாழ்வாகத் தொங்கும். முன்சக்கரத்திற்குச் செல்லும் இயக்கத்தண்டுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இடையே குழாய்கள் நெளிந்து போக வேண்டும். ஒரு பாறை இடித்தால் வார்ப்பிரும்புக் கூடு எட்டாத உயரத்தில் பத்திரமாக இருக்கும், குழாய் நசுங்கும். வெப்பத்தையும் பாருங்கள். 4.4 செ.மீ. விட்டமும் 90 செ.மீ. நீளமும் உள்ள எட்டுக் குழாய்களின் புறப்பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். கைக்கடக்கமான வார்ப்பிரும்புக் கூடுகளைவிட இது பன்மடங்கு. மெல்லிய சுவர் வழியே அவ்வளவு பரப்பும் பானெட்டுக்கடியில் வெப்பத்தை வீசுகிறது. ஸ்பார்க் பிளக் கம்பிகள் கருகும். பெட்ரோல் குழாய்கள் சூடேறும். குறைந்த வேகத்தில், எதிர்க்காற்று இல்லாமல் ஏறும் வண்டிக்கு இது சிறிய தொல்லை அல்ல.

விரிசலின் பாடம்

உலோகங்கள் சூட்டில் விரியும். இந்த எளிய உண்மைதான் ஹெடர்களின் பெரிய எதிரி. ஆறு சிலிண்டர்கள் வரிசையாக உள்ள எஞ்சினில் மேனிபோல்டின் நீளம் சுமார் 60 செ.மீ. இருக்கும். அது அறை வெப்பத்திலிருந்து 600 டிகிரிக்குச் சூடாகிறது என்போம். வார்ப்பிரும்பாக இருந்தால் ஏறத்தாழ 4 மி.மீ. நீள முயலும். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் துருவேறா எஃகில் பெருவழக்கான வகையாக இருந்தால் ஏறத்தாழ 6 மி.மீ. நீள முயலும். அதைப் பிடித்திருக்கும் சிலிண்டர் தலையோ நீரால் குளிர்ந்து 100 டிகிரி அளவிலேயே நிற்பதால் அரை மி.மீ. அளவுக்குத்தான் நீளும். நீள விரும்புவதும், விடமாட்டேன் என்பதும் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. பற்றவைத்த இடங்களில் உலோகம் களைத்து விரிசல் விடும். அல்லது கேஸ்கட் கசியும்.

இதற்கு ஜீப்பின் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. 1987-இல் ஜீப் செரோக்கியில் வந்த 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குத் தொழிற்சாலையே எஃகுக் குழாய்களாலான மேனிபோல்டைக் கொடுத்தது. ஹெடர் போலவே சீரான வளைவுகள், எடையும் குறைவு. ஆனால் அது விரிசல் விடுவதில் பெயர் பெற்றுவிட்டது. இடையில் நெளியும் துருத்திகளை வைத்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டு அளவில் அந்த எஞ்சினுக்கு மீண்டும் வார்ப்பிரும்பையே கொடுத்தார்கள். இம்முறை மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு துண்டுகள். துண்டு குட்டையானால் விரிவும் பாதியாகும் அல்லவா?

விரிசலை வெறும் இரைச்சல் தொல்லை என்று விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கசிந்த புகை பானெட்டுக்கடியிலிருந்து ஓட்டுநர் அறைக்குள் நுழைந்தால், இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி குளிருக்காக வண்டிக்குள் உறங்குபவருக்கு இந்த ஆபத்து மிக அதிகம். எந்தக் குழாயை மாட்டினாலும் அது கசியாமலிருப்பதே முதல் தகுதி.

சட்டமும் உணரியும்

1970-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டுக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது. நச்சுப் புகையை எரித்துத் தூய்மையாக்கும் இந்தக் கருவி 250, 300 டிகிரி வரை சூடான பின்னரே வேலை செய்யும். புகையின் வெப்பத்தை வழியில் வீணாக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேனிபோல்டின் புதிய கடமையாயிற்று. 6000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 2720 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்ட டிரக்குகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளவே போர்டு நிறுவனம் 1975-இல் எப்-150 என்ற சற்றே கனமான பிக்கப்பை வெளியிட்டது. இந்த விலக்குகள் பின்னர் குறைந்து மறைந்தன. கலிபோர்னியாவில், மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் பெறாத ஹெடரைச் சாலையில் ஓடும் வண்டிக்கு மாட்டுவது சட்ட விரோதம்.

1976-இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி வந்தது. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் கருவி இது. நாம் பேசிய நெகிழ்வு அலை இங்கே ஒரு குறும்பு செய்கிறது. உணரிக்கு முன்னால் ஊசிமுனை விரிசல் இருந்தால், நெருக்கத்தின்போது புகை வெளியே கசியும். நெகிழ்வின்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். உணரி அந்த ஆக்சிஜனைக் கண்டு, எரிபொருள் போதவில்லை என்று கருதிக் கூடுதலாக ஊற்றச் சொல்லும். ஹெடர் போட்டபின் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்ற புகாருக்குப் பல வேளைகளில் கேஸ்கட் கசிவே காரணம்.

எதைத் தேர்வது?

வரலாறு சொல்வதைத் தொகுத்துப் பார்ப்போம். உயர்ந்த சுற்றுகளில் நீண்ட நேரம் ஓடும் பாலைவன டிரக்கிற்கு, தடித்த சுவரும் தடித்த அடித்தட்டும் கொண்ட நீண்ட ஹெடர் தகும். அதன் கேஸ்கட்டையும் போல்ட்டுகளையும் பயணத்திற்குப் பயணம் சோதிக்கும் பொறுமையும் வேண்டும். பாறை ஏறும் வண்டிக்கும், ஆற்றைக் கடந்து, சுமை ஏற்றி, ஆளில்லாத இடத்தில் வேலை செய்யும் வண்டிக்கும் தொழிற்சாலை கொடுத்த வார்ப்பிரும்பே பெரும்பாலும் மேல். அந்த வண்டிகள் ஓடும் சுற்றுகளில் ஹெடரின் ஆதாயம் சிறிது; கெட்டால் ஏற்படும் நட்டம் பெரிது. மேனிபோல்டு இருந்த இடத்திலேயே பொருந்தும் குட்டை ஹெடர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நீளம் குறைவதால் அலையின் உதவியும் அவற்றில் குறைவு. எதை வாங்கினாலும், விளம்பரத்தில் சொல்லும் குதிரைத்திறன் எத்தனை சுற்றுகளில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் வண்டி அந்தச் சுற்றுகளுக்கு என்றாவது போகிறதா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய வண்டிகள் பலவற்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது. 2012-ஆம் ஆண்டு ஜீப் ராங்ளரில் பொருத்தப்பட்ட 3.6 லிட்டர் வி-6 எஞ்சினில் கழற்றி எடுக்க மேனிபோல்டு என்ற தனி உறுப்பே கிடையாது. புகைப்பாதைகள் அலுமினியச் சிலிண்டர் தலைக்குள்ளேயே ஒன்றுகூடி, பக்கத்திற்கு ஒரே வாயாக வெளிவருகின்றன. சுற்றிலும் குளிர்நீர். 1932-இன் போர்டு எஞ்சினில் கொதிப்புக்குக் காரணமான அதே ஏற்பாடுதான். அன்று வேண்டாத வெப்பமாக இருந்தது இன்று எஞ்சினை விரைவில் சூடாக்க உதவுகிறது. வினையூக்கி மாற்றியும் எஞ்சினை ஒட்டியே அமர்ந்து சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறது. பழைய ஜீப்பை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தேர்வு இன்னும் மிச்சமிருக்கிறது. ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் ஒரு தாளில் நாம் போட்ட அந்தச் சிறு கணக்கைத் தங்கள் எஞ்சினின் சுற்று எண்ணை வைத்துப் போட்டுப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.